கடை முன்னால் நிற்பது யாருடைய வண்டி?



நம் சங்கக் கூட்டம் எதுவானாலும் சரக்கு, வரி, வாடகை என்ற மூன்றுக்கும் அடுத்து நான்காவதாக ஒரு பேச்சு கட்டாயம் வரும். அது சாலை. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம், நடைபாதை போடப் போகிறார்களாம், பஸ் ஸ்டாப்பைத் தள்ளி வைக்கப் போகிறார்களாம் என்று யாராவது ஒருவர் செய்தி கொண்டு வருவார். உடனே நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "கூடாது, வியாபாரம் போய்விடும்" என்பதுதான். மனு எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம், தேவைப்பட்டால் ஒரு நாள் கடையையும் அடைப்போம். மயிலாடியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நாமும் இந்த மனுக்கள் பலவற்றில் முதல் வரிசையில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். ஆகவே இப்போது எழுதப் போவதைப் பிறரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொல்ல வந்தது இதுதான். சாலைத் திட்டம் என்று வரும்போது நாம் தவறான இடத்தில் சண்டை போடுகிறோம். கடை முன்னால் வண்டி நிற்க இடம் வேண்டும் என்று போராடுகிறோம். ஆள் நடக்க இடம் வேண்டும், பஸ் நிற்க இடம் வேண்டும், சரக்கு இறக்க நேரம் வேண்டும் என்று ஒருநாளும் போராடியதில்லை.

நம் தகப்பனார் காலத்தில் கோட்டாறு கம்போளத்திலிருந்து சரக்கு மாட்டு வண்டியில் வரும். பின்னிரவில் புறப்பட்ட வண்டி சுசீந்திரம் தாண்டி, விடியும் நேரத்தில் மயிலாடி வந்து சேரும். வண்டிக்காரருக்குக் கருப்பட்டிக் காப்பியும் மாட்டுக்குப் பிண்ணாக்கும் தயாராக இருக்க வேண்டும் என்பது வீட்டில் சட்டம். இந்த மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் அந்த வருஷம் பாதை திறந்தார்கள். திருநெல்வேலிப் பாதை 1981-ல் வந்தது. ரயில் வரப்போகிறது என்றபோது கடைவீதியில் பெரியவர்கள் கவலையாகப் பேசிக்கொண்டது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. இனிமேல் சனம் எல்லாம் ரயிலேறித் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் சாமான் வாங்கிக்கொண்டு வந்துவிடும், நாம் துண்டை விரித்துப் படுக்க வேண்டியதுதான் என்றார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சரக்குதான் மலிவாகவும் சீக்கிரமாகவும் வந்தது. வழி புதிதாக வரும்போதெல்லாம் முதலில் பயப்படுவது வியாபாரியின் சுபாவம். அதில் தப்பில்லை. பயந்த பிறகு கணக்குப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஒரு சம்பவம்

நம் கடைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா சரக்கு எடுக்க வருவார். பெட்டிக்கடை வைத்திருந்தவர். தகப்பனார் காலத்திலிருந்தே வரவு செலவு. வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் வந்து இறங்கி, சீட்டைக் கொடுத்துவிட்டு, பாதியைத் தலைச்சுமையாகவும் மீதியை ஆட்டோவிலும் கொண்டு போவார். நம் கடை முன்னால் வெல்ல மூட்டையும் உப்பு மூட்டையும் ரோட்டு ஓரம் வரைக்கும் அடுக்கியிருக்கும். அதற்கு அப்பால் நம் கடை ஆட்களின் பைக் வரிசை. "மூட்டைய கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கப்பிடாதா தம்பி, ரோட்டுல எறங்கில்லா நடக்க வேண்டியிருக்கு" என்று பல தடவை சொல்லியிருக்கிறார். "நாளைக்குப் பாக்கலாம் அக்கா" என்று நாமும் பல தடவை சொல்லியிருக்கிறோம்.

ஒரு நாள் காலை, அந்த மூட்டைகளைச் சுற்றி ரோட்டில் இறங்கி நடந்தபோது ஒரு பைக் அவரை இடித்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது. ஓட்டி வந்த பையனைக் குற்றம் சொல்லி நாலு பேர் சத்தம் போட்டார்கள். நமக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவில் நம்மால் ஆனதைச் செய்தோம். ஆனால் அவர் பிறகு எழுந்து நடமாடிக் கடை நடத்தவில்லை. பெட்டிக்கடை மூடியது. நாற்பது வருஷத்து வாடிக்கை அதோடு போயிற்று. வாடிக்கை போனது பெரிதில்லை.

நம் ஊரிலிருந்து சுசீந்திரம் எட்டும் தூரம்தான். கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கலாம் என்ற உரிமைக்காக 1926-லும் பிறகு 1930-லும் அங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1936-ல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தெருவில் நடப்பதற்கே இவ்வளவு பாடுபட்ட மண் இது. அப்படி வாங்கிய வழியில் இன்று நாம் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம்.

நோட்டுப் புத்தகக் கணக்கு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் கடையில் ஒரு வேலை செய்தோம். கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒரு வாரம் வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் எப்படி வந்தார் என்று கோடு போட்டோம். நடந்து, பஸ்ஸில், சைக்கிளில், பைக்கில், ஆட்டோவில், காரில் என்று ஆறு கட்டம். சில்லறைக்கு வருபவர்களையும் சேர்த்தோம். வாரக் கடைசியில் பார்த்தால் நடந்தும் பஸ்ஸிலும் வந்தவர்களே அதிகம். கார்க் கட்டம் ஏறக்குறைய காலியாக இருந்தது. அப்படியானால் காலை முதல் ராத்திரி வரை கடை முன்னால் அசையாமல் நிற்கும் வண்டிகள் யாருடையவை என்று பார்த்தோம். ஒன்று நம்முடையது. இன்னொன்று மகனுடையது. மீதி, கடை ஆட்களுடையதும் பக்கத்துக் கடைக்காரர்களுடையதும். வாடிக்கையாளருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று மனுப் போட்டவர்கள் நாம். அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பதும் நாமேதான்.

இது மயிலாடிக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 2006-ல் கடைக்காரர்களிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கேட்டதற்கு, நூற்றுக்கு 41 பேர் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது உண்மையில் காரில் வந்தவர்கள் நூற்றுக்கு 22 பேர்தான். வெள்ளைக்கார வியாபாரிக்கும் நமக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை. காரில் வருபவர் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருபவர் தெரிவதில்லை.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். கார் வைத்திருப்பவர் நாகர்கோவிலில் உள்ள பெரிய கடைக்குப் போய்விட்டார். அவர் மகன் போனிலேயே சாமான் வரவழைத்துக்கொள்கிறான். நமக்கு மிச்சமிருப்பது நடந்து வருபவரும் பஸ்ஸில் வருபவரும்தான். அவர்கள் நடக்கும் பாதையை நாமே அடைத்து வைத்தால் யாரை நம்பிக் கடை திறப்பது?

மற்ற ஊர்களில் நடந்தது

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்று ஒரு கடைவீதி. 1962 நவம்பரில் அதில் கார் போகக் கூடாது என்று சோதனையாக நிறுத்தினார்கள். அங்கிருந்த கடைக்காரர்கள் நம்மைப் போலவேதான் கூச்சல் போட்டார்கள். இது குளிர் நாடு, தெருவில் உலாவ நாம் என்ன இத்தாலிக்காரர்களா என்றும் கேட்டார்கள். 1964-ல் அது நிரந்தரமாயிற்று. இன்று சுமார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த வீதி அந்த நாட்டிலேயே பெயர் பெற்ற கடைவீதி.

பிரேசில் நாட்டில் குரிடிபா என்ற நகரத்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1972-ல் ஜைமி லெர்னர் என்ற மேயர், வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்துகொண்டு, வாரக் கடைசியில் வேலையைத் தொடங்கி 72 மணி நேரத்தில் முக்கியக் கடைவீதியை நடப்பவர்களுக்கான வீதியாக மாற்றிவிட்டார். எதிர்த்த கடைக்காரர்களே பிறகு எங்கள் பக்கமும் நீட்டுங்கள் என்று கேட்டார்களாம். இப்படி ராத்திரியோடு ராத்திரியாகச் செய்வது சரியா என்றால், நம் கட்சி சரியில்லை என்பதுதான். நம்மைக் கேட்காமல் செய்த நல்லதும் நமக்கு உறுத்தும். அதே நகரம் 1974-ல் செய்த இன்னொரு காரியத்தை மனதாரப் பாராட்டலாம். ரயில் போட்டால் செலவு தாங்காது என்று, பஸ்ஸுக்கே தனிப் பாதை ஒதுக்கினார்கள். பின்னால் ஏறும் முன்பே டிக்கெட் வாங்கும்படி நிறுத்தங்களையும் கட்டினார்கள். பணம் இல்லாத ஊர் புத்தியால் சமாளித்த கதை அது.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதையைத் திறந்தார்கள். செலவு சுமார் 40 கோடி ரூபாய். அங்கும் முதலில் வியாபாரிகளுக்குப் பயம் இருந்தது. நாம் கல்யாணச் சாமான் வாங்கப் போனபோது பார்த்தோம். வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்காமல் கடை கடையாக நின்று பார்த்தார்கள். ரோட்டில் இறங்கி நடக்கிற பெண்மணி கடையைப் பார்ப்பதில்லை, வண்டியைத்தான் பார்ப்பார். இந்தச் சின்ன விஷயம் வியாபாரியாக இருந்தும் நமக்கு அதுவரை தோன்றவில்லை. நடைபாதையில் பைக் ஏற்றி நிறுத்துகிற பழக்கம் அங்கேயும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டியது தில்லி சாந்தினி சௌக். செங்கோட்டைக்கு எதிரே பரந்து கிடக்கும் பழைய மொத்த வியாபாரச் சந்தை அது. 2021-ல் வீதியைப் புதுப்பித்துத் திறந்தபோது காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனம் கூடாது என்று விதி வைத்தார்கள். சரக்கு இரவில் இறங்க வேண்டும். பகலில் சைக்கிள் ரிக்‌ஷாவும் கால்நடையும். நல்ல யோசனைதான். ஆனால் ராத்திரி லோடு இறக்கினால் ஆள் கூலி யார் தருவது, காவல் யார் என்பதெல்லாம் வியாபாரி தலையில் விழும். நாமும் மனு எழுதும்போது இதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும்.

எல்லாத் திட்டமும் எல்லாருக்கும் நல்லதாக முடிவதில்லை. தென்கொரியாவில் சோல் நகரத்து நடுவில் சியோங்கிச்சியோன் என்ற ஓடையின் மேல் போட்டிருந்த உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையை மீட்டார்கள். சுமார் 6 கிலோமீட்டர். உலகமே மெச்சியது. அங்கே இரும்புச் சாமானும் கருவியும் விற்ற சிறு வியாபாரிகள் பலருக்கு ஊர்க்கோடியில் பெரிய வணிக வளாகம் கட்டித் தருகிறோம் என்றார்கள். அது 2010-ல் திறந்தபோது விலை கட்டுப்படியாகாமல் பலரும் போகவில்லை. பாண்டி பஜாரிலும் நடைபாதை வியாபாரிகளை 2013-லேயே மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மாடி ஏறிப் பூவும் வளையலும் வாங்குவது யார்? வீதி அழகாகும்போது வாடகையும் ஏறும். சொந்தக் கடைக்காரருக்கு லாபம், வாடகைக் கடைக்காரருக்கு நோட்டீஸ். நம் சங்கத்தில் இரண்டு தரப்பும் உண்டு. இதைப் பேசாமல் மேல்நாட்டு உதாரணம் மட்டும் காட்டுவது நியாயமாகாது.

நம் மாவட்டம்

மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் கட்டிய மேம்பாலங்கள் 2019-ல் முறைப்படி திறக்கப்பட்டன. மார்த்தாண்டம் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடைவீதி போய்விடும் என்று வேலை நடந்தபோது வியாபாரிகள் கலங்கினார்கள். வேலை நடந்த காலத்தில் அவர்கள் பட்ட கஷ்டம் நாம் பார்த்ததுதான். பாலம் வந்தபின் வெளியூர் வண்டி மேலே போகிறது. மேலே போகிறவர் நம் கடையைப் பார்க்கப் போவதில்லை, அவர் என்றைக்கும் நம் வாடிக்கையாளரும் இல்லை. கீழே இருக்கிற ரோடு நமக்கு மிச்சம். அந்தக் கீழ் ரோட்டில் நடப்பவருக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, லோடு இறக்க எவ்வளவு என்பதைத் திட்டம் போடும்போதே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பாலம் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே பேச்செல்லாம் செலவாகிவிட்டது.

நான்கு வழிச் சாலையும் அப்படியே. நாஞ்சில் நாட்டு வயலையும் குளத்தையும் குறுக்கே கடந்து போகிறது. மண் கிடைக்காமல் வேலை தடைப்பட்டு வருஷக் கணக்கில் இழுத்தது. அது வேகமாகப் போகிற சாலை. அதில் வெளியூர்ச் சரக்கு சீக்கிரம் வரும், மறுக்கவில்லை. ஆனால் மருங்கூரிலிருந்தும் தேரூரிலிருந்தும் வரும் ஆளை அது நம் கடைக்குக் கொண்டு வராது. அதற்கு வேண்டியது டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும்.

மினி பஸ் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு 1997 நினைவு வரும். பஸ் போகாத கிராமத்துக்கு 16 கிலோமீட்டர், பஸ் போகிற ரோட்டில் 4 கிலோமீட்டர், ஆக 20 கிலோமீட்டர் என்று விதி. நாலு கிலோமீட்டரில் பல இடங்களில் சந்தையோ ஆஸ்பத்திரியோ எட்டாது. எட்டாத பஸ்ஸில் யார் ஏறுவார்? வண்டி வைத்தவருக்குக் கட்டுப்படியாகாமல் பல தடங்கள் நின்றன. 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை ஓட்டலாம், அதில் நூற்றுக்கு 65 பங்கு பஸ் இல்லாத வழியாக இருந்தால் போதும் என்று மாற்றியிருக்கிறார்கள். இது நமக்குச் சாதகமான விதி. எந்தக் கிராமத்தைச் சேர்த்தால் கடைவீதி வரை வண்டி வரும் என்பது சரக்கு போடுகிற நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. நம்மில் சிலர் இதைக் கிண்டல் செய்தார்கள். இலவச பஸ்ஸில் ஏறி நாகர்கோவிலுக்குப் போய்விடுகிறார்கள் என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. போகிறார்கள்தான். அதே பஸ்ஸில் பெட்டிக்கடைப் பெண்கள் வாரம் ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை நம் கடைக்கு வருகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால் கடன் குறைந்திருக்கிறது. பஸ் இரண்டு பக்கமும் ஓடும். அவர்கள் இறங்கும் இடத்தில் நிழலும், நம் கடை வரை நடக்க வழியும் இருந்தால் நம் பக்கம் இறங்குவார்கள்.

மயிலாடி என்றால் வெளியூர்க்காரருக்குக் கல் சிற்பம்தான் நினைவுக்கு வரும். டன் கணக்கில் எடையுள்ள சிலையை லாரியில் ஏற்றும்போது அரைமணி நேரம் ரோடு நிற்கும். சிற்பக் கூடத்தாருக்கும் நமக்கும் இதில் அவ்வப்போது வாய்த் தகராறு வரும். ஏற்றவும் இறக்கவும் ஒரு நேரம், அதற்கு ஒரு இடம் என்று ஊர் கூடி முடிவு செய்தால் தகராறுக்கு வேலை இல்லை. காலை 7 மணிக்குள், இரவு 8 மணிக்கு மேல் என்பது நம் யோசனை. காய்கறிக்காரர்களுக்கு வேறு நேரம் வேண்டும் என்றால் அவர்கள் சொல்லட்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் வைக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். பஸ் நிறுத்தத்தில் கூரை, இரண்டு பக்கமும் தடையில்லாத நடைபாதை, லோடு நேரம், மினி பஸ்ஸில் சேர்க்க வேண்டிய கிராமங்களின் பெயர்கள், வேலை நடக்கும் காலத்தில் கடைக்கு வழி மறிக்காமல் பகுதி பகுதியாக முடிக்க வேண்டும் என்ற கோரிக்கை, வாடகைக் கடைக்காரருக்கு மூன்று வருஷம் வாடகை ஏற்றுவதில்லை என்ற நம் கட்டடக்காரர்களின் ஒப்புதல் ஆகியவை அதில் உள்ளன. கடைசிக் கோரிக்கைக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். நமக்கும் இரண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கிறது.

கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொருவரும் ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தால் பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கும். நம் கடை முன்னால் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டாயிற்று. மூட்டை அதற்கு உள்ளேதான். கடை ஆட்களின் பைக்கும் நம் வண்டியும் பின்பக்கக் காலி மனையில் நிற்கின்றன. அங்கிருந்து கடைக்கு நடக்கக் கொஞ்சம் தூரம்தான், முழங்கால் வலிக்கிறது என்பதைத் தவிர வேறு குறையில்லை.